1200-க்குப் படித்தவர்

கல்யாண நாளை மறந்துபோய் வருஷா வருஷம் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் மனிதர் ஒருவர் மதுரையில் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் 'காதலன்' எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "1994 செப்டம்பர் 17, சனிக்கிழமை. காலாண்டுப் பரீட்சை நேரம் சார்" என்பார், மூச்சு விடாமல். மகளின் பிறந்த தேதியை விண்ணப்பத்தில் எழுதும்போது மட்டும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏம்மா, பதினாலா பதினஞ்சா?" என்று குரல் கொடுப்பார்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பேட்ச்காரர். டாக்டர்கள் பெயருக்குப் பின்னால் எம்.டி. போட்டுக்கொள்வதைப்போல இவர் தன் பெயரைச் சொல்லும்போதே "தொண்ணூத்தஞ்சு பேட்ச்" என்று சேர்த்துக்கொள்வார். என்ன வேலை, எங்கே வேலை என்பதெல்லாம் நாமாகக் கேட்டால்தான் வரும். அதையும் கொஞ்சம் சலிப்போடுதான் சொல்வார்.

இந்த வகைக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. பி.யூ.சி.யை எடுத்துவிட்டு 1978ல் பதினொன்றையும் பன்னிரண்டையும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். 1980ல் முதல் செட் வெளியே வந்தது. அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு பேட்ச். ஒவ்வொரு பேட்சிலும் ஊருக்கு ஒருவராவது அங்கேயே தங்கிவிடுகிறார். நான் ஃபெயிலானவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் அடுத்த அட்டெம்ப்டிலோ அதற்கடுத்ததிலோ எழுதிக் கரையேறிவிட்டார்கள். ஒழுங்காகப் பாஸ் செய்து, டிகிரி முடித்து, வேலைக்குப் போய், லோன் போட்டு வீடு கட்டி, சர்க்கரைக்கு மாத்திரையும் போட ஆரம்பித்த பிறகும் பன்னிரண்டாம் வகுப்பு பி செக்‌ஷன் மூன்றாவது பெஞ்சைவிட்டு எழுந்திருக்காதவர்களைச் சொல்கிறேன்.

பேட்ச்காரருடைய காலண்டரில் சித்திரை வைகாசி கிடையாது. காலாண்டு என்றால் 'காதலன்'. தீபாவளிக்கு 'நாட்டாமை', 'நம்மவர்', 'கருத்தம்மா', 'பவித்ரா' என்று கைகொள்ளாத படங்கள். அரையாண்டு முடிந்து பொங்கலுக்கு 'பாட்ஷா'. பொதுத்தேர்வு என்றால் 'பம்பாய்'. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் அவருக்கு முப்பது வருஷமாக மனக்குறை. "மார்ச் பத்தாம் தேதி போய் யாராவது மணிரத்னம் படத்த ரிலீஸ் பண்ணுவாங்களா சார்? ப்ளஸ் டூ பிள்ளைங்க வயித்துல அடிக்கிறதில்லையா இது?" என்பார். அந்தப் படம் சென்சாரிலும் அரசியலிலும் சிக்கித் திணறி வந்தது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஏப்ரல்ல சிக்கியிருக்கலாம்ல?" என்றார். அவருடைய கெமிஸ்ட்ரி மார்க் குறைந்ததற்கு இன்றுவரை பொறுப்பாளி அந்தப் படம்தான்.

அந்த ஒரு வருஷத்தில் உலகத்தில் நடந்ததெல்லாம் இவருடைய பேட்சுக்காகவே நடந்ததாக ஒரு நம்பிக்கையும் உண்டு. 1994 மே மாதம் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, நவம்பரில் ஐஸ்வர்யா ராய் உலக அழகி. இரண்டும் ஒரே வருஷத்தில் அதற்கு முன்னால் எந்தப் பேட்சுக்கு வாய்த்தது என்று கேட்பார். சச்சின் டெண்டுல்கர் 78 ஒருநாள் ஆட்டங்களில் சதம் அடிக்காமல் பொறுமையாக இருந்து, 79ஆவது ஆட்டத்தில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 110 அடித்தது அந்த செப்டம்பரில்தான். இவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரட்டும் என்று அவர் காத்திருந்ததாகவே பேட்ச்காரர் பேச்சில் தொனிக்கும்.

"கண்ணால பார்த்தவன் சார் நான்" என்பது ஒவ்வொன்றுக்கும் முத்தாய்ப்பு. நானும் நம்பித்தான் வந்தேன். அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்து தங்கும்வரை.

"இவன் எங்கப்பா பார்த்தான்?" என்றார் அந்த அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. "அந்த வருசம் பூரா டிவிப் பொட்டியப் பூட்டில்ல வெச்சிருந்தாரு இவுக அப்பா."

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அப்போது டிவி என்பது சாலிடேரோ டயனோராவோ, மரப்பெட்டிக்குள் இருக்கும். முன்னால் இழுத்து மூடும் கதவு, அதில் ஒரு பூட்டு. வீட்டில் ஒரு பிள்ளை ப்ளஸ் டூவுக்கு வந்துவிட்டால் அந்தப் பூட்டுக்கு வேலை வந்துவிடும். சன் டிவி ஆரம்பித்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத நேரம். தெருவெல்லாம் கேபிள் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வீட்டுக்கு வந்த வயரை மொட்டை மாடியிலேயே சுருட்டிக் கட்டிவைத்தாராம் அப்பா. பெட்டியின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதும் அது அங்கேயேதான் இருக்கும் என்பதால் திருடுவதற்கும் வழியில்லை. சினிமா கிடையாது, கிரிக்கெட் மட்டை பரணில், சைக்கிளில் டியூஷனுக்குப் போய்வர எத்தனை நிமிஷம் என்பதற்கு வீட்டில் கணக்கு.

ஆக, பேட்ச்காரர் பொன்னான வருஷம் என்று பாடுகிற அந்த வருஷம், உண்மையில் அவருக்கு எல்லாமே தடைசெய்யப்பட்டிருந்த வருஷம். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ என்றால் அப்படித்தான். ஆனால் அவருடைய சுவையே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. தட்டில் வைத்துக் கொடுத்திருந்தால் அடுத்த வருஷமே மறந்திருப்பார். சச்சினின் அந்தச் சதத்தை அவர் பார்த்தது டியூஷனுக்குப் போகிற வழியில் ஒரு டிவி ஷோரூம் வாசலில், கண்ணாடிக்கு வெளியே, ஐம்பது பேர் முதுகுக்குப் பின்னால், சத்தமே இல்லாமல். பிரபுதேவா ஆடியதையோ அவர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். தூர்தர்ஷன் வெள்ளிக்கிழமை தோறும் சேர்த்தே கொடுத்த ஒளியும் ஒலியும் இவருக்குத் தனித்தனியாகத்தான் வந்து சேர்ந்தன.

டேப் ரெக்கார்டர் மட்டும் தப்பித்தது. காரணம், அதில் விடியற்காலையில் அப்பா கந்த சஷ்டி கவசம் போடுவார். சாமி சமாசாரம் என்பதால் அதற்குப் பூட்டு இல்லை.

இந்த இடத்துக்கு வந்தால் பேட்ச்காரர் குரலே மாறிவிடும். தெருமுனையில் ஒரு ரெக்கார்டிங் கடை. சுவர் முழுக்க எல்.பி. அட்டைகள், நடுவில் ஒரு அண்ணன், அவருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு துள்ளும் ஆம்ப்ளிஃபயர். ரூல்டு பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுபது நிமிஷ கேசட்டில் பன்னிரண்டு பாட்டு. பாட்டுகள் நீளமாக இருந்தால் பதினொன்று. லிஸ்டைப் பார்த்தே அண்ணன் ஆளை எடைபோடுவார். ஏ சைடில் முழுக்க ரகுமான் எழுதியவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பி சைடுல ராஜா போடவாடா?" என்பார். அது கேள்வி இல்லை, தீர்ப்பு. நான்கு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். பத்து நாள் ஆகும். ஏ சைடின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்து நிற்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டு முழுதாக எங்காவது கேட்டால், அந்த இடத்தில் பேட்ச்காரர் தன்னை அறியாமல் கையை நீட்டிவிடுவார், கேசட்டைத் திருப்பிப்போட.

கேசட்டுக்கு மேல்பக்கத்தில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேற்கொண்டு பதிய முடியாது. கம்பெனி கேசட்டுகள் உடைத்தே வரும். அந்தப் பள்ளத்தில் காகிதத்தை மடித்துத் திணித்தால் மறுபடி பதியலாம் என்ற ஞானம் அன்றைய பதினேழு வயதுக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. காலி கேசட் வாங்கக் காசில்லாத ஒரு நாள், அப்பாவின் கவசக் கேசட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். கவசம் முடிந்து அந்தப் பக்கத்தில் நாடா நிறைய மிச்சம். யாருக்கும் நஷ்டமில்லாத காரியம்தானே என்று காகிதத்தைத் திணித்து, பக்கத்து வீட்டு டூ-இன்-ஒன்னில் கொடுத்து, அந்த மிச்ச நாடாவில் முக்காபுலாவைப் பதிந்து வாங்கி வந்துவிட்டார். அப்பா எப்போதும் கவசம் முடிந்ததும் பட்டனை அமுக்கிவிடுவார். ஒரு கிருத்திகையன்று அவர் கையில் கற்பூரத் தட்டு இருந்தது. கவசம் முடிந்தது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு சாமி அறைக்குள்ளிருந்து முக்காபுலா புறப்பட்டது, தெருவுக்கே கேட்கிற சத்தத்தில்.

"அடி விழுந்துச்சா?" என்று கேட்டேன்.

"கற்பூரம் அணையுற வரைக்கும் ஒண்ணும் சொல்லல சார். அணைஞ்சதும்தான்."

ராஜாவா ரகுமானா என்ற சண்டையில் இவருடைய வகுப்பு ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம் என இரண்டாகப் பிரிந்து கிடந்ததாம். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுப்பதுகூட அந்தந்தக் கட்சிக்குள்தான். இப்படி இரண்டு முகாமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பொங்கலுக்கு 'பாட்ஷா' வந்து, இரண்டு பக்கமும் வாய்விட்டுப் பாடியது தேவா இசையமைத்த பாட்டை. இந்த வரலாற்று முரணைப் பேட்ச்காரரிடம் சொன்னால் ரசிக்கமாட்டார். பேச்சை மாற்றிவிடுவார்.

அவருக்குக் காதலும் இருந்தது. கணக்கு டியூஷன் காலை ஐந்தரை மணிக்கு, சார் வீட்டு மொட்டை மாடியில். பையன்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்று ஊரே பிரிந்து கிடந்த காலத்தில் இருபாலரும் ஒரே பாயில் இல்லாவிட்டாலும் ஒரே மாடியில் உட்கார்ந்தது டியூஷனில்தான். பரவளையத்தின் குவியத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் இவருடைய குவியம் முன்வரிசையில் இரட்டைச் சடைக்கு நடுவில் இருந்தது. அந்தப் பெண் ஒரு நாள் திரும்பி, "லாக் புக் இருக்கா?" என்று கேட்டது. இவர் கொடுத்தார். அது கணக்குப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. காதல் கதை முடிந்தது.

முடிந்தே இருந்திருக்கும், 2018ல் '96' படம் வராவிட்டால். அந்தப் படம் இந்த வகை மனிதர்களுக்குச் செய்த சேதத்தை யாரும் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை. படத்துக்கு முன்புவரை பேட்ச்காரர் கதையில் லாக் புக் மட்டும் இருந்தது. படம் பார்த்த மறுவாரம் மழை சேர்ந்தது. பிறகு அந்தப் பெண் லாக் புக்கைத் திருப்பித் தரும்போது "ஒரு மாதிரி" பார்த்ததும் சேர்ந்தது. மதுரையில் காலை ஐந்தரை மணிக்கு, அதுவும் மொட்டை மாடியில், மழைக்குள் எப்படி டியூஷன் நடந்தது என்று அவருடைய மனைவி ஒரு முறை கேட்டார். "சாரு அப்படி, லீவே விடமாட்டாரு" என்று பதில் வந்தது.

அவர்களுடைய வாட்ஸாப் குழுவுக்கு '95 சிங்கங்கள்' என்று பெயர். காலையில் ஆறு சிங்கங்கள் ரோஜாப்பூவோடு வணக்கம் சொல்லும். இரண்டு சிங்கங்கள் அரசியல் பேசி விலகும். சாயங்காலம் மற்ற சிங்கங்கள் சமாதானம் பேசித் திரும்பச் சேர்க்கும். "மாப்ள, மூட்டு வலிக்கு என்ன எண்ணெய்டா போடுற?" என்ற கேள்விக்கு வந்த பதில்கள் அளவுக்கு அந்தக் குழுவில் வேறெதற்கும் வந்ததில்லை. டியூஷனில் படித்தவர்களையும் சேர்க்கலாம் என்று முடிவாகி லாக் புக் அம்மையாரும் உள்ளே வந்தார். பேட்ச்காரர் இரண்டு நாள் யோசித்து, நீளமாக ஒரு வணக்கம் எழுதினார். "ஹாய், நீங்க எந்த செக்‌ஷன்?" என்று பதில் வந்தது. அதையும் அவர் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டார். "பேசணும்னு தோணுனதாலதானே சார் கேக்குறாங்க?"

1995க்கு வெள்ளிவிழா வருஷம் 2020. மண்டபம் பிடித்தாகிவிட்டது. அளவெடுத்து டி ஷர்ட் அடித்தாகிவிட்டது. கொடுத்த அளவு ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த அளவு என்பதால் எல்லாமே இறுக்கம். மே மாதம் விழா. மார்ச் கடைசி வாரம் நாட்டையே பூட்டினார்கள். கடைசியில் வெள்ளிவிழா ஜூமில் நடந்தது. கணக்கு சார் ஒரு மணி நேரம் மைக்கை ஆன் செய்யாமல் பேசினார். யாருக்கும் சொல்லத் தைரியமில்லை. மாணவப் பருவத்திலும் அவர் சொன்னது தங்களுக்கு அப்படித்தான் இருந்தது என்று எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

'பராசக்தி' ஓடிய தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது பெரிய ஜவுளிக்கடை. மனைவியோடு அங்கே போனால் பேட்ச்காரர் துணி பார்ப்பதில்லை, கூரையைப் பார்ப்பார். "இந்தா, இப்ப சுடிதார் மெட்டீரியல் அடுக்கியிருக்காங்கல்ல, இதுக்கு நேர் மேலதான் நம்ம சீட்டு" என்று விற்பனைப் பெண்ணிடம் சொல்வார். அந்தப் பெண் 2003ல் பிறந்திருக்கும். "சரிங்க சார், மூணு மீட்டர் போதுமா?" என்று கேட்கும்.

2025 ஜூலையில் 'பாட்ஷா' முப்பதாண்டுக் கொண்டாட்டமாகத் துலக்கி மறுபடி தியேட்டருக்கு வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ரஜினி வாய் திறப்பதற்கு அரை வினாடி முன்னாலேயே வசனம் பக்கத்து சீட்டிலிருந்து வந்துவிடும். அவருக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் முதலில் முறைத்தான். அப்புறம் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டான். இடைவேளை விட்டார்கள். விளக்கு எரிந்தது. பேட்ச்காரர் திகைத்துப்போய்த் திரையைப் பார்த்தார்.

"இங்கயா இன்டர்வெல்?"

டிவியில் நூறு தடவை பார்த்தவருக்கு ஒவ்வொரு வசனமும் தெரியும். இடைவேளை எங்கே என்பது தியேட்டரில் பார்த்தவருக்குத்தான் தெரியும். அம்மா சொன்ன மரப்பெட்டி நினைவுக்கு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தேன். முப்பது வருஷமாகக் "கண்ணால பார்த்த" படத்தை முதல் தடவையாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் வேறென்ன பேசுவது?

அதற்கு முந்தைய மாதம், ஜூனில்தான், அவர் மகள் ப்ளஸ் டூவில் காலெடுத்து வைத்திருந்தாள்.

முதல் வாரம் கேபிளை நிறுத்தினார். இரண்டாவது வாரம் மகள் போன் பீரோவுக்குள் போனது. மூன்றாவது வாரம் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார். அரைஞாண் கயிற்றில் பாஸ்வேர்டைக் கட்ட முடியாது என்பதால் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டார். "ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கம்மா. நாங்கெல்லாம் அப்படித்தான் படிச்சோம்" என்றார். கூடவே வழக்கமான பாட்டு: "உங்களுக்கென்ன, மொத்தமே 600 மார்க்கு. எங்களுக்கு 1200. நாங்க ரெண்டு பங்கு படிச்சவங்க. மாநில ரேங்க் வாங்குனவங்களுக்கு அப்பா அம்மா ஸ்வீட்டு ஊட்டுற போட்டோ பேப்பர்ல வரும். இப்ப ரேங்க்கே கிடையாது. ரிசல்ட்டு போன்ல வருது. நாங்க மாலை முரசு வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல நின்னு, நம்பரத் தேடுறப்ப கை நடுங்கும் பாரு…"

"நீங்க எவ்வளவுப்பா?" என்று மகள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"அந்த வருசம் கெமிஸ்ட்ரி பேப்பர் ரொம்ப டஃப்."

ஆதார் கார்டைத் தேடும்போது பீரோவின் அடித்தட்டில், எல்.ஐ.சி. பத்திரங்களுக்குக் கீழே, லேமினேட் செய்த அந்தத் தாள் மகள் கையில் சிக்கியது. 1200க்கு 730.

நான் அன்று அவர் வீட்டுக்குச் செய்தித்தாள் வாங்கப் போயிருந்தேன். கூடத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அப்பத்தா கட்டிலில், மனைவி அடுப்படி நிலைப்படியில், மகள் நடுவில், கையில் மார்க் ஷீட்டோடு.

"எங்க கணக்குல 365-ப்பா."

பேட்ச்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "பார்த்தியா? வருசத்துக்கு 365 நாளு. நாளுக்கு ஒரு மார்க்கு வீதம், ஒரு நாள்கூட வீணாக்காமப் படிச்சிருக்கேன்."

"மார்ச்சோட பரீட்சை முடிஞ்சிருச்சு. மிச்ச மாசத்துக்கு?"

"அது… ரிவிஷன்."

அப்பத்தா சிரித்ததில் புரையேறி மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அப்பத்தாவின் போனை எடுத்து மார்க் ஷீட்டை நிதானமாகப் படம் பிடித்தாள்.

"இத உங்க சிங்கங்களுக்கு அனுப்பட்டுமா?"

"அனுப்பு. அவனுங்கல்லாம் எனக்குக் கீழ."

"அப்ப லாக் புக் ஆன்ட்டிக்கு அனுப்புறேன். நம்பர் அம்மாகிட்ட இருக்கு."

பேட்ச்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இருக்கிறது என்பதுபோலத் தலையை அசைத்தார். எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்கிற நிலைமையில் அவர் இல்லை.

"பாஸ்வேர்டு சொல்லுங்கப்பா."

"பரீட்சை நேரத்துல எதுக்கும்மா…"

"ஒண்ணு, ரெண்டு…"

"பாட்ஷா 1995" என்றார் கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மகள் போனில் தட்டிப் பார்த்தாள். "அத முதல் நாளே போட்டுப் பார்த்துட்டேன். எடுக்கலையே?"

"நடுவுல ஒரு அண்டர்ஸ்கோர் போடணும்."